பிளைவுட் குகை

என் தங்கை செல்வி எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் விரித்த பாயின்மேல் உட்கார்ந்திருந்தாள். படுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

காலை ஏழு மணிகூட ஆகியிருக்காது. எங்கள் ஊர் கூலாயில் அந்த நேரத்துக்கு ஒரு பனி வரும். செடெனாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கிளம்பி, நெடுஞ்சாலையைத் தாண்டி, எங்கள் தாமான் குடியிருப்பு வரைக்கும் வந்து கேட்டுக் கம்பிகளில் ஈரமாக உட்கார்ந்துகொள்ளும். எதிர்வீடு தெரியாது. லாரிகள் போகிற இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். அந்த வெள்ளைக்குள் தலையில் தூடோங் முக்காடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் பார்க்க, இவள் நிஜமாகவே வந்திருக்கிறாளா, நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லையா என்று எனக்குக் குழம்பியது.

"படுத்தா நெஞ்சு அடைக்குதுக்கா. மேலேருந்து யாரோ மூடுற மாதிரி. தாக்குட் லா."

தாக்குட் என்றால் பயம். மூவாரில் ஒரு மலாய்க் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பயம், பசி, தூக்கம் எல்லாம் இப்போது அவளுக்கு மலாயில்தான் வருகின்றன. திட்டுவது மட்டும் இன்னும் தமிழில்.

விஷயம் இதுதான். அவளுடைய முதுகுத்தண்டில் ஏதோ ஒரு வளர்ச்சி. இடது கால் அவ்வப்போது மரத்துப்போகிறது. ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நீளமான குழாய் போன்ற இயந்திரத்துக்குள் முக்கால் மணி நேரம் மல்லாந்து, அசையாமல் கிடக்க வேண்டும். இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் உள்ளே தள்ளிய உடனேயே கத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மயக்க மருந்து கொடுத்தும் எடுக்கலாமாம். ஆனால் அதற்கு வரிசை நீளம், பல மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் தாங்குமா என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்கினாராம். படம் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது, தள்ளிப்போட்டால் கால் போனாலும் போகும். சாதாரண வரிசையில் இன்னொரு தேதி கொடுத்திருந்தார்கள்.

"நீதான் எல்லாரையும் படுக்க வச்சுத் தூங்கப் பண்றியாமே. எனக்கும் பண்ணு," என்றாள் செல்வி.

மஞ்சள் சட்டை ஞாயிறு

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பிறவி யோகினி இல்லை. சீனாய் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு வேலை செய்தவள். கழுத்து வலி தாங்காமல் யோகா கற்றுக்கொள்ளப் போய், கழுத்து சரியானதும் நிறுத்த மனமில்லாமல், கடைசியில் டீச்சர் ஆகிப்போனேன்.

எங்கள் தாமானின் பொது மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள். வாரம் முழுக்க இருட்டில் எழுந்து பாலம் தாண்டிப் போய், இருட்டில் திரும்பி வருகிறவர்கள். அவர்களைச் சவாசனத்தில் படுக்க வைத்தால் போதும், மண்டபம் முழுக்கக் குறட்டை. நான் எழுப்புவதில்லை.

ஏழு வாரத்துக்கு ஏழு சக்கரம் என்று வைத்துக்கொள்வேன். மூலாதாரத்தில் தொடங்கி மேலே மேலே ஏறிப்போவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு மந்திர எழுத்து. லம், வம், ரம், யம், ஹம், ஓம். உச்சியில் இருப்பதற்கு மௌனம். அந்த வாரத்து நிறத்திலேயே சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று எங்கள் லெட்சுமி அக்கா ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டார். தொப்புளுக்கான மணிபூரக வாரத்தில் எல்லாரும் மொத்தமாக மஞ்சளில் வந்து இறங்கவும், மண்டபத்துச் சாவி வைத்திருக்கும் மலாய்ப் பெரியவர் பாக்சிக் மிரண்டுபோய்க் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டார். இங்கே மஞ்சள் சட்டை என்றால் அரசாங்க எதிர்ப்பு ஊர்வலம். எந்த ஊர்வலத்துக்குக் கிளம்பியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, தொப்புளைத் திறக்கப் போகிறோம் என்று லெட்சுமி அக்கா மலாயில் விளக்கம் சொல்ல, விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. பிறகு ஒருவழியாகத் திறந்தார். ஆனால் அன்று முழுக்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சக்கரங்களை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா என்று வாசகர்கள் சிலர் கேட்கிறீர்கள். பார்த்தேன் என்று அளக்கமாட்டேன். ஒரு மழை நாளில், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, தனியாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்கு நடுவே ஏதோ ஒரு பச்சை மெதுவாகச் சுற்றிற்று. தூங்கிப்போயிருந்தேனோ என்னவோ. எழுந்தபோது மழை விட்டிருந்தது, எனக்குக் காரணமில்லாமல் எல்லார்மேலும் அன்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு குழைந்ததற்காகக் கணவரிடம் எரிந்து விழுந்ததோடு அந்த அன்பு முடிந்தது.

போனவள்

செல்வி என்னைவிட மூன்று வயது இளையவள். எனக்கு முன்னால் அவள் கல்யாணம் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால், அவளாகவே முடித்துக்கொண்டு வந்து நின்றாள். ரஹீமைக் கட்டிக்கொள்வதற்காக மதம் மாறி, சல்மா என்று பெயர் வைத்துக்கொண்டாள். ரஹீம் மூவாரில் மரச்சாமான் பட்டறை வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்று இன்று சொல்லலாம். அன்று எங்கள் வீட்டில் யாரும் அவரை அப்படிப் பார்க்கத் தயாராக இல்லை.

அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. இனி இந்த வீட்டில் அவள் பெயரை எடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தபோது அழைப்பிதழ் மூவாருக்குப் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் போனில் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். ஒரு படம், இரண்டு பூ, அவ்வளவுதான். சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். எங்களுக்குள் சண்டையே இல்லை என்பதுதான் கஷ்டம்.

அப்படிப்பட்டவள்தான், முந்தின நாளே ஆயர் ஈத்தாமில் எனக்கென்று ஒரு மண்சாடி வாங்கி வைத்துக்கொண்டு, விடியும் முன்பே கிளம்பி வந்து, என் கார் போர்ச்சில் உட்கார்ந்திருந்தாள். ரஹீம் அவளை இறக்கிவிட்டுவிட்டு, முனைக் கடையில் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் கூச்சப்பட்டார்.

எழுத்து இல்லாமல்

பாயில் உட்கார்ந்தபடியே செல்வி ஒரு நிபந்தனை போட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. எக்சர்சைஸ்னா ஓகே. மூச்சு ஓகே. மந்திரம் எல்லாம் வேணாம். நான் சொல்லக்கூடாது. நீயும் எனக்காகச் சொல்லாதே."

எனக்குச் சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினேன், ஆனால் வலித்தது. நான் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ரொம்பப் பெருமையான இடமே அந்த எழுத்துகள்தான். ஒரு மண்டபம் நிறைய பெண்கள் சேர்ந்து 'யம்' என்று இழுக்கும்போது என் முதுகு சிலிர்க்கும். அதை எடுத்துவிட்டு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அக்காவிடம் புலம்பினேன்.

"மந்திரம் இல்லாம என்னா யோகா? உப்பு போடாத கறி," என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரஷர் உள்ளவங்க உப்பில்லாமத்தானே சாப்பிடறாங்க. அவங்களுக்கும் பசிக்கும்லா," என்றார்.

அதன் பிறகு செல்வி வாரம் இரண்டு காலை வந்தாள். மந்திரத்தை எடுத்தேன், நிறத்தை எடுத்தேன், சமஸ்கிருதப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது உடம்பு. வால் எலும்பு. அடிவயிறு. தொப்புள். நெஞ்சு. தொண்டை. புருவ நடு. உச்சந்தலை. ஒவ்வொரு இடத்தின் பெயரையும் மெதுவாகச் சொல்வேன். அவள் அந்த இடத்துக்கு மூச்சைக் கொண்டுபோக வேண்டும். உள்ளுக்குள் அவள் என்ன நினைத்துக்கொள்கிறாளோ அது அவள் பாடு.

படுக்க முடியாதவளை எப்படிப் படுக்க வைப்பது? வீட்டிலிருந்த தலையணை எல்லாவற்றையும் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் அடுக்கினேன். நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார வைத்தேன். மூச்சு சீராக இருக்கிற நாளில் ஒரு தலையணையை உருவிவிடுவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறக்குவதுதான் திட்டம்.

வால் எலும்பு, அடிவயிறு, தொப்புள் வரைக்கும் நன்றாகப் போகும். நெஞ்சு என்றதும் அவள் மூச்சு நின்று, கை பாயைப் பிராண்டும். பல நாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அம்மா சாவுக்கு நான் வந்தேன்க்கா. கேட்டுக்கு வெளியவே நின்னேன்."

"தெரியும்," என்றேன். "உன் செருப்பைப் பார்த்தேன். கேட்டுக்கு அடியில தெரிஞ்சுது."

அவள் அழுதாள். நானும் அழுதேன். பனி கலைந்து வெயில் வரும்வரை அப்படியே இருந்தோம். அன்றைக்கு இரண்டு தலையணை குறைந்தன.

ரஹீம் கொண்டுவந்தது

தரையில் படுக்கப் பழகிய பிறகுதான் அடுத்த தலைவலி தெரிந்தது. திறந்த போர்ச்சில் படுப்பது வேறு, மூக்குக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு மூடிய குழாய்க்குள் படுப்பது வேறு. சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுக்க வைத்துப் பார்த்தேன். மேசை உயரமாக இருந்தது, அவளுக்குப் பயமே வரவில்லை. பயம் வந்தால்தானே பழக்க முடியும்.

டீக்கடையிலிருந்து திரும்பி வந்த ரஹீம், மேசைக்கு அடியில் கிடக்கும் மனைவியைக் குனிந்து பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த அளவு டேப்பை எடுத்து அவள் தோளின் அகலத்தை அளந்தார்.

அடுத்த வாரம் பட்டறை லாரியோடு வந்தார்கள். மெல்லிய பிளைவுட்டை வளைத்து, உள்பக்கம் வெள்ளை அடித்து, இரண்டு பக்கமும் திறந்த ஒரு குகையைச் செய்து கொண்டுவந்திருந்தார் மனிதர். தொட்டில் செய்கிறவர்களுக்குப் பலகையை வளைப்பது கை வந்த கலைதான். ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்திருந்தார். "செரம்பு இருக்கக்கூடாது அக்கா, கையில ஏறிடும்," என்று தமிழில் சொன்னார். என்னோடு அவர் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான். மரச்சிராய் குத்தாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய கவலை.

ஸ்கேன் இயந்திரம் காதைப் பிளக்கிற மாதிரி அடிக்கும் என்று செல்வி சொல்லியிருந்தாள். அந்தப் பொறுப்பை என் கணவர் பாலா ஏற்றுக்கொண்டார். பழைய மைலோ டின் ஒன்றும் கரண்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு குகைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டங், டங், டங். பிறகு நிறுத்துவார். பிறகு திடீரென்று வேகமாக. ரொம்ப ரசித்துச் செய்தார். எதிர்வீட்டுச் சீனக் கிழவி தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வெள்ளைக் குகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால், டின்னைத் தட்டும் ஒரு இந்தியர், கைகட்டி நிற்கும் ஒரு மலாய்க்காரர், கண்மூடி 'வால் எலும்பு' என்று முனகும் நான். பார்த்துவிட்டு உள்ளே போய் ஊதுபத்தி கொளுத்தினாள்.

முதல் நாள் செல்வி டின் சத்தம் தொடங்கியதுமே வெளியே ஊர்ந்து வந்துவிட்டாள். அப்போது தற்செயலாகத்தான் அதைக் கண்டுபிடித்தேன். குகைக்கு வெளியே தெரியும் அவள் பாதத்தை நான் பிடித்துக்கொண்டால் அவளால் இருக்க முடிந்தது. மூச்சை விடவேண்டிய நேரத்தில் கட்டைவிரலால் உள்ளங்காலை மெல்ல அழுத்துவேன். விடுவாள். கையை எடுத்தால் எழுந்துவிடுவாள்.

"அங்கயும் நீ பிடிச்சுக்கணும்க்கா. இல்லன்னா நான் போகமாட்டேன்," என்றாள்.

கழுத்து

மருத்துவமனையில் கேட்டோம். பயப்படுகிறவர்களோடு ஒருவர் உள்ளே இருக்கலாமாம். ஆனால் அந்த அறை முழுக்கக் காந்தம், கூட வருபவர் உடம்பிலும் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது. ஸ்கேன் எடுக்கும் பெண் சின்னவள், மலாய்க்காரி, கனிவாகத்தான் சொன்னாள். வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி பாலாவின் கைக்குட்டையில் போட்டேன்.

"ராந்தாய் ஜுகா, காக்," என்றாள். சங்கிலியும்தான் அக்கா.

என் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. தாலிச் சங்கிலி.

ஊருக்கெல்லாம் பற்று வேண்டாம், பிடியைத் தளர்த்துங்கள் என்று வகுப்பெடுக்கும் டீச்சரின் லட்சணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் கழுத்து வெறுமையாக இருந்ததில்லை. பிரசவத்துக்குப் போனபோதுகூட, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் அம்மா தங்கத்தைக் கழற்றினார். எங்கள் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். புதுக் கயிறு ஏறாமல் பழையது இறங்காது. இங்கே கயிறுக்கு எங்கே போவது? பாலா, "கழட்டு, நான் எங்க போகப்போறேன், இங்கதான நிக்கறேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். இந்த முறையும் தவறினால் இன்னொரு தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது.

தள்ளுபடுக்கையில் நீல அங்கியோடு உட்கார்ந்திருந்த செல்வி என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"அலமாக், இரு இரு. வெறுங்கழுத்தோட உள்ள வராதே."

அந்தப் பெண்ணிடம் மலாயில் ஏதோ வேகமாகக் கேட்டாள். கட்டுப்போடும் வெள்ளைத் துணி ஒரு முழம் வந்தது. செல்வி அதை நீளவாக்கில் கிழித்து, தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரித்தாள். அம்மா கயிறு திரிப்பது அப்படித்தான். இவள் எப்போது அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள்!

"குனி."

குனிந்தேன். என் கழுத்தில் கட்டினாள். எண்ணி மூன்று முடிச்சு போட்டாள். "மஞ்சள் இல்ல. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"அப்ப நான் யாரு?" என்றார் பாலா.

"நீங்க டின் தட்டறவரு மாமா," என்றாள் என் தங்கை. ரஹீம் சத்தமாகச் சிரித்துவிட்டு, மருத்துவமனை என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

தங்கத்தைக் கழற்றினேன். கஷ்டமாக இல்லை.

உள்ளே குளிர். காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். செல்வி படுத்தாள், பலகை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. பாதங்கள் மட்டும் வெளியே. இரண்டையும் பிடித்துக்கொண்டேன். இடி மாதிரி தொடங்கிற்று சத்தம். அவள் விரல்கள் மடங்கின. அழுத்தினேன். விட்டாள். மறுபடி அழுத்தினேன். மறுபடி விட்டாள்.

அவள் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ, நான் கேட்டதில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு எழுத்தும் வரவில்லை. சத்தம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் சத்தமாகவே தெரியாமல் போயிற்று. அறையின் வெள்ளை, துணியின் வெள்ளை, அவள் பாதத்தின் சூடு. என் வால் எலும்பிலிருந்து அவள் உச்சந்தலை வரைக்கும் ஒரே முதுகுத்தண்டு ஓடுவதாகத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கையில் அவள் பாதம் கனத்தபோதுதான் சுயநினைவு வந்தது. விரல்கள் விரிந்து, பாதம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பயந்துபோனேன்.

ஸ்பீக்கரில் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "காக், அடேக் தீடோர்." தங்கச்சி தூங்குகிறாள்.

தூங்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

படம் தெளிவாக விழுந்தது. அதை வைத்துத்தான் பிறகு அறுவை சிகிச்சை நடந்தது, கட்டி தீங்கில்லாதது, இன்று செல்வி மூவார் சந்தையில் தன் காலாலேயே நடந்து மீன்காரனோடு தமிழில் சண்டை போடுகிறாள். டாக்டர் அறையில் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் எலும்பு எலும்பாக ஒரு தண்டு, நடுவே ஒரு வெள்ளை நரம்பு. "எங்கக்கா உன் சக்கரம்லாம்?" என்று செல்வி என் காதில் கிசுகிசுத்தாள். வகுப்பில் அடுத்த ஞாயிறும் 'லம்' என்றுதான் தொடங்கினேன்.

ஆனால் அன்று, ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்த உடனே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தூக்கக் கலக்கத்தோடு செல்வி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். பாலா கைக்குட்டையை விரித்துச் சங்கிலியை எடுத்தார். என் கழுத்தில் போடப்போனவரை அவள் தடுத்தாள்.

"குடுங்க மாமா, நான் போட்டுவிடறேன். கல்யாணத்தன்னைக்குத்தான் நான் இல்லையே."

பாலா கொடுத்துவிட்டார். நான் திரும்பி நின்று தலையைக் குனிந்தேன். கொக்கியைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் பிடரியில் அவள் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. சீராக வந்து சீராகப் போனது.